இறங்கிய தேதி

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் சித்திரைக்கும் ஆனிக்கும் நடுவில்தான் பிறக்கும். இதில் ஜாதக விசேஷம் ஒன்றுமில்லை. வடக்கே மழை பிடித்துவிட்டால் போர் போட முடியாது, சேற்றில் லாரி இறங்காது. அதனால் ஆடியையொட்டி வண்டிகள் ஊர் திரும்பும், ஆயுத பூஜை முடிந்ததும் மறுபடி கிளம்பும். ஆண்பிள்ளைகள் வீட்டில் இருப்பது அந்த இரண்டு மூன்று மாதம்தான். காதுகுத்து, புதுவீடு, மச்சானோடு சண்டை, சமாதானம் எல்லாவற்றையும் அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். கல்யாணமென்றால் ஆவணி. மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தனப்பிரியாவின் மகள் கனிஷ்காவும் வைகாசிக்காரிதான். அவள் அப்பா ஜெகதீஸ்வரன் ரிக்கில் டிரில்லர். வண்டியில் பத்துப் பேர் இருந்தாலும் பூமியைத் துளைக்கும் லீவர் அவன் கையில் இருக்கும். மகள் பிறந்தபோது சத்தீஸ்கரில் ஏதோ ஒரு காட்டோரம் நின்றிருந்தான். அதற்குப் பின் வந்த ஒரு பிறந்தநாளுக்கும் அவன் ஊரில் இல்லை. கேக் வெட்டுவதை வீடியோ காலில் பார்ப்பான். டவர் கிடைத்தால் பார்ப்பான். கிடைக்காத வருஷம் மறுநாள் போட்டோ பார்த்துவிட்டுக் கட்டைவிரல் ஒன்றை அனுப்பிவைப்பான்.

தனப்பிரியா நாமகிரிப்பேட்டைப் பக்கத்துப் பெண். அப்பாவுக்கு மஞ்சளும் குச்சிக்கிழங்கும் போடுகிற காடு. மகளை பி.காம். படிக்க வைத்தார், அது முடிந்ததும் அவள் அழுது அடம்பிடித்ததால் எம்.சி.ஏ.வும் படிக்க வைத்தார். கணக்கும் தெரியும், கம்ப்யூட்டரும் தெரியும் என்று ஊரில் பெயர். இரண்டையும் சேர்த்து என்ன செய்வதென்று ஊரில் யாருக்கும் தெரியாது. கொஞ்ச காலம் அவளுக்கும் தெரியவில்லை.

அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது குமாரபாளையத்தில் ஒரு லுங்கிக் கம்பெனி. அங்கே அவளுக்கு பில் ஏற்றும் வேலை. ஒவ்வொரு பில்லிலும் வியாபாரியின் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப எழுதிவைக்கும் புரோகிராம் அது. ஒருமுறை பவானியில் ஒரு வியாபாரி கடையை வேறு தெருவுக்கு மாற்றினார். அவர் விலாசம் இருந்த இடங்களில் பாதியில் மாற்றினார்கள், பாதியில் மறந்துபோனார்கள். அடுத்த வாரம் லுங்கிக் கட்டு பழைய கடைக்கே போய் இறங்கியது. அங்கே புதிதாக வந்திருந்த டீக்கடைக்காரர் நல்ல மனுஷராகக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார். கம்பெனியே அவரைத் திட்டித் தீர்த்தது. தனப்பிரியா மட்டும் புரோகிராமைத் திட்டினாள். ஒரு விஷயத்தை ஓரிடத்தில்தான் எழுத வேண்டும், மற்ற இடமெல்லாம் அந்த இடத்தைக் கைகாட்ட வேண்டும். கல்லூரியில் பரீட்சைக்காக உருப்போட்டது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் இது ஒன்றா பலவா, இது எதைச் சேர்ந்தது என்று கேட்கிற பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகூட, இலை ஒன்று, பதார்த்தம் பல, பரிமாறுகிறவர் பலர் என்று மனசுக்குள் கட்டம் கட்டி டேபிள் போட்டுக்கொண்டிருப்பாள்.

ஜெகதீஸ்வரனை ஓர் ஆவணியில் கட்டிக்கொண்டாள். அதிகம் பேசாத மனுஷன். பொண்ணு பார்க்க வந்தபோது வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "எத்தன அடியில தண்ணி நிக்குதுங்க?" என்று கேட்டதுதான் அவன் பேசியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிடித்தும்போனது. மாலை வாடின கொஞ்ச நாளில் ஆயுத பூஜை வந்தது. வண்டிக்குச் சந்தனம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, அவன் ஏறிப்போனான். அவள் வாசலில் நின்று கைகாட்டினாள். அப்போது அவளுக்கு அது ஒரு மாதிரி பெருமையாகக்கூட இருந்தது. பெருமை கார்த்திகை வரைக்கும் தாங்கியது.

அவன் வேலை பார்த்த கம்பெனியிலேயே அவளுக்கும் வேலை கிடைத்தது. முதலாளி வேலுசாமிக்கு ஒரு டஜன் ரிக் வண்டிகள். ஈரோடு ரோட்டில் ஆபீஸ், பின்னால் பட்டறை. கணக்கு எழுதக் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் வேண்டும் என்றார், இவள் போய் உட்கார்ந்தாள். வருஷங்கள் அப்படியே போயின.

அவளுக்கு இருந்த ஏக்கம் பெரிய ஏக்கமில்லை. அவளுக்கு மார்கழியில் ஒரு புருஷன் வேண்டும். அவ்வளவுதான். ஆடிக்காற்றில் அவன் எப்படி இருப்பான் என்று தெரியும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பட்டறையில் நிற்பான். புரட்டாசிப் புழுக்கத்தில் மொட்டைமாடியில் பாயைப் போட்டுப் படுப்பான். மார்கழிக் காலையில் அவன் எப்படி எழுந்திருப்பான், போர்வையை இழுத்துக்கொள்வானா, உதறிவிட்டு எழுவானா, பல்விளக்கச் சுடுதண்ணி கேட்பானா, பொங்கலுக்குக் காப்புக்கட்ட வேப்பிலை ஒடித்துக்கொண்டு வருவானா, எதுவும் அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்துவிட்டு இது தெரியாதென்றால் வெளியில் சொல்லவே வெட்கம். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போவதைப் பார்த்தாலே, அவர் தெரு திரும்பும்வரை கோலமாவும் கையுமாக நின்றுவிடுவாள். பால் வாங்கப் போகிற அந்தக் குடும்பஸ்தருக்கு இது தெரிந்தால் பயந்தே போவார்.

நடுவில் வந்து போனால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நாலு நாள் லீவில் வரலாம்தான், ரயிலிலேயே அந்த நாள் கரைந்துவிடும். நின்று நிதானமாக ஒரு மாதம், இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவது அந்தக் கம்பெனியில் நடக்காது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் ஒரு டேபிள்.

பழைய புரோகிராமை எப்போதோ யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் ஒரு வண்டிக்கு ஒரு வரி. அந்த வரியிலேயே கட்டம் கட்டமாக மேனேஜர் பெயர், டிரில்லர் பெயர், டிரைவர் பெயர், சமையல்காரர் பெயர். ஆட்களுக்கு மாதச் சம்பளம் போக, தோண்டிய அடிக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. அது சீசன் முழுக்க வண்டிக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். ஆடியில் வண்டி திரும்பிய பிறகு, முதலாளியோடு வண்டிக்குப் பணம் போட்ட பங்குதாரர்கள் எல்லாம் ஜமக்காளத்தில் உட்கார்ந்து கணக்கை முடிப்பார்கள். அன்றைக்குக் கட்டத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குக் கமிஷன். நடுவில் ஓர் ஆள் இறங்கி இன்னோர் ஆள் ஏறினால் பழைய பெயரை அழித்துவிட்டு அதே கட்டத்தில் புதுப் பெயரை எழுத வேண்டும். முன்னவன் அந்த வண்டியில் இருந்த தடமே இருக்காது.

ஒரு வருஷம் அப்படி ஒரு டிரில்லர் தை மாதத்தில் இறங்கினான். பதிலுக்குப் போனவன் பெயர் கட்டத்தில் ஏறியது. ஆடியில் வருஷத்துக் கமிஷன் அத்தனையும் பின்னால் வந்தவன் பெயரில் நின்றது. பேச்சு முற்றி ஜமக்காளத்தில் சொம்பு பறந்தது, பங்குதாரர் ஒருவருக்கு முன்பல் போனது. அன்றோடு வேலுசாமி சட்டம் போட்டுவிட்டார். "எந்த வண்டியில ஏறுனானோ அந்த வண்டி ஊட்டுக்கு வாரப்பத்தான் எறங்கோணும். சாவு வாழ்வுக்கு நாலு நாள் வந்துட்டுப் போவட்டும். ஆள் மாத்தற பேச்சே வேண்டாம்."

இப்படியாக, டேபிள் சரியாகப் போடத் தெரியாத எவரோ ஒருவரால் நூற்றுச் சொச்சம் வீடுகளில் பொங்கலுக்கு ஆண்பிள்ளை இல்லாமல் போனது. இதைச் சொன்னால் வேலுசாமி நம்பமாட்டார். தனப்பிரியா நம்பினாள். நம்பினாள் என்பதைவிட, பிடித்துக்கொண்டாள் என்று சொல்ல வேண்டும். தன் புருஷன் வராமல் இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்ததும், அது தன்னால் சரிபண்ணக்கூடிய காரணமாக இருந்ததும் அவளுக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

போன வருஷம் பழைய புரோகிராம் ஒருவழியாகப் படுத்தது. ஆடிட்டர் கேட்கிற எதுவும் அதில் வரவில்லை. வேலுசாமி அவளைக் கூப்பிட்டார். "அம்மிணி, நீயே ஒண்ணு பண்ணிப்போடு. நம்ம தொழில் தெரிஞ்சவ நீ. வெளியாளைக் கூப்பிட்டா போர்னா என்ன, கேசிங் பைப்னா என்னன்னு அவனுக்கு மொதல்ல பாடம் எடுக்கோணும்."

அந்த ஆடி முழுக்க அவள் ஆபீஸ் வெள்ளைப் பலகையில் கட்டம் வரைந்தாள், அழித்தாள், வரைந்தாள். வண்டிக்கு ஒரு டேபிள். ஆளுக்கு ஒரு டேபிள். போட்ட ஒவ்வொரு போருக்கும் ஒரு வரி, அதில் ஊர், தேதி, எத்தனை அடி, எந்த வண்டி. செலவுக்கு வவுச்சர் ஒரு டேபிள், அதற்குள் இருக்கிற பற்று வரவு வரிகளுக்கு இன்னொரு டேபிள், இரண்டு பக்கமும் ஒன்றுபடாவிட்டால் உள்ளே ஏறவே ஏறாது. இதெல்லாம் அவள் கை தானாகவே போட்டது. யோசித்தது ஒரே இடத்தில்தான். வண்டியில் ஆள் எங்கே இருக்கிறான்? வண்டி வரியில் வைத்தால் பழைய கதை. ஆள் வரியில் வைத்தாலும் அதே கதை, ஓர் ஆளுக்கு ஒரு வண்டிதான் என்றாகிவிடும். ஒரு வண்டியில் பலர், ஓர் ஆளுக்குக் காலப்போக்கில் பல வண்டி. அப்படியென்றால் ஆளும் வண்டியும் சந்திக்கிற இடத்துக்கு என்றே ஒரு டேபிள் வேண்டும். அதில் நாலே கட்டம். ஆள் யார், வண்டி எது, ஏறிய தேதி, இறங்கிய தேதி.

அந்தக் கடைசிக் கட்டத்தை வரைந்துவிட்டுக் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பட்டறையில் அவன் குரல் கேட்டது. யாரிடமோ ஸ்பேனர் கேட்டுக்கொண்டிருந்தான்.

வேலுசாமிக்கு அந்த டேபிள் பிடிபடவில்லை. "ரெண்டு தேதி என்னத்துக்கு அம்மிணி? எறங்கற தேதி எல்லாத்துக்கும் ஒண்ணுதான. வண்டி வார தேதி."

"நடுவுல ஆள் மாறுனாலும் கணக்கு கொழம்பாதுங்க ஐயா. போரு போட்ட தேதி ஒரு பக்கம் இருக்குது, ஆளு இருந்த தேதி ஒரு பக்கம் இருக்குது. ரெண்டையும் கோத்தா யாரு இருக்கறப்ப எத்தன அடி போச்சுன்னு அதுவே சொல்லிப்போடும். கமிஷனும் பிரிச்சுக் குடுத்துரும். சண்டைக்கே எடமில்லீங்க."

"என்னத்துக்கு நடுவுல மாறோணும்?"

அவள் உண்மையான பதிலைச் சொல்லவில்லை. இரக்கத்தை நம்பி அந்த ஆபீஸில் ஒரு காரியமும் நடந்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். "ஒரு வண்டியில நல்ல டிரில்லர் சும்மா உக்காந்திருப்பாரு, இன்னொரு வண்டியில டிரில்லருக்குக் காய்ச்சல்னு வண்டி நிக்கும். இப்ப மாத்த முடியறதில்லீங்களே" என்றாள்.

வேலுசாமி கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். வண்டி நின்ற நாட்கள் அவர் கண்ணில் ஓடியிருக்க வேண்டும். "சரி, போடு" என்றார். அப்புறம் யோசித்துவிட்டு, நடுவில் ஊருக்கு வர விரும்புகிறவர்களையும் முறைவைத்து இறக்கிவிடலாம், அப்படிச் செய்தால் ஆட்கள் வேறு கம்பெனிக்கு ஓடமாட்டார்கள் என்று தானே கண்டுபிடித்து, தன் யோசனையாகவே எல்லோருக்கும் சொன்னார். தனப்பிரியா தலையாட்டினாள். யார் யோசனையாக இருந்தால் என்ன. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது வழியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தி, கனிஷ்காவுக்கு முறுக்கும் தனக்கு ஒரு முழம் மல்லியும் வாங்கினாள்.

ஆயுத பூஜைக்கு வண்டிகள் கிளம்பின. மேனேஜர்கள் கையிலிருந்த போனில் புதுப் புரோகிராம். ஒவ்வொரு போர் முடிந்ததும் அங்கிருந்தே ஏற்றுவார்கள், இங்கே அவள் திரையில் வந்து விழும். ஊர்ப் பெயர், அடி, டீசல், டிரில்லர் யார். புருஷன் போனில் பேசுவதைவிட அந்த வரி அதிகம் பேசியது. போனில் "சாப்ட்டாச்சா", "ம்", "பாப்பா படிக்குதா", "ம்", அவ்வளவுதான். வரியில் பார்த்தால் இன்றைக்குப் பாறை கடினம், டீசல் கூடுதலாகப் போயிருக்கிறது, கோபமாக இருப்பான் என்று தெரியும். சீக்கிரம் தண்ணி வந்த நாளில் சந்தோஷமாக இருப்பான். கேசிங் பைப் அதிகம் இறங்கியிருந்தால் மண் சரிகிறது, பயந்திருப்பான். மத்தியானம் ஆபீஸில் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு, அவன் பெயர் வருகிற வரிகளை மட்டும் பிரித்தெடுத்து வைத்துக்கொண்டு சோறு தின்பாள். கேட்டால் சரிபார்க்கிறேன் என்பாள். ஆபீஸில் யாரும் கேட்கவில்லை, அதுவும் அவளுக்கு வசதியாகப் போயிற்று.

மார்கழிக்கு முதல் முறை ஆள் மாற்றுவதாக ஏற்பாடு. அவன் வண்டியில் நாலு பேர் இறங்கலாம். ஈரோட்டில் ரயிலேற மாற்று ஆட்கள் தயாராக இருந்தார்கள். இறங்க விரும்புகிறவர்கள் தங்கள் பெயருக்கு நேரே தேதியை ஏற்றச் சொல்லி மேனேஜரிடம் சொன்னால் போதும். முதலில் விழுந்தது ஹெல்பர் ராசப்பனின் தேதி. அவன் மனைவி மஞ்சுளா இவளுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவள். சேதி கேட்டு ஆபீஸுக்கே வந்துவிட்டாள், கையில் ஒரு தூக்குப்போசி நிறைய வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம்.

"எங்கூட்டுக்காரரு மார்கழியில வாராருன்னு எங்க மாமியார் நம்பவே மாட்டேங்குதுக்கா. சண்டை கிண்டை போட்டுட்டு வாரானான்னு கேக்குது" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அண்ணன் எப்பக்கா வாராரு?"

"வருவாரு. தேதி இன்னும் ஏத்துலயாட்ட இருக்குது" என்றாள் தனப்பிரியா.

இரண்டாவது தேதி விழுந்தது, மூன்றாவதும் விழுந்தது. அவன் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது.

முதலில் அங்கே டவர் இல்லையோ என்று நினைத்தாள். ஆனால் அதே வண்டியிலிருந்து போர் வரிகள் வந்துகொண்டுதான் இருந்தன. பிறகு அவளுக்கு வேறொரு நம்பிக்கை பிறந்தது. புரோகிராமில் ஏதோ தப்பு இருக்கிறது, அவன் ஏற்றிய தேதி உள்ளே வந்து சேரவில்லை. தன் வேலையில் தப்பு கண்டுபிடிக்க ஒருத்தி இவ்வளவு ஆசையாக உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. ஒரு பொய் ஆளை உண்டாக்கி, பொய் வண்டியில் ஏற்றி, இறங்கிய தேதி போட்டுப் பார்த்தாள். ஒழுங்காக ஏறியது. அவன் பெயரிலேயே போட்டுப் பார்த்தாள், அதுவும் ஏறியது. அழித்துவிட்டாள். அவள் கட்டியது எங்கேயும் கோணவில்லை. அவன் ஏற்றவில்லை, அதனால் இல்லை.

சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய் அவனைக் கூப்பிட்டாள். மலைக்கோயிலில் விளக்கு போட்டிருந்தார்கள். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தத்தோடு அவன் குரல் வந்தது.

"ஏனுங்க, ராசப்பன் வாராப்ல. நீங்க தேதி குடுக்கலீங்களா?"

"இல்ல தனம்."

"மேனேஜர் உட மாட்டேங்கறாருங்களா?"

"அவரு போச்சொல்றாரு. நாந்தான் வேண்டாம்னேன்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அங்கே யாரோ அவனிடம் ஏதோ கேட்டார்கள், அவன் இந்தியில் பதில் சொன்னான். அந்த இந்தி எவ்வளவு சரளமாக இருந்தது என்பது அவளுக்குக் குத்தியது.

"சின்னக் கொழந்த இருக்கறவன் போவட்டும்னு சொல்லிட்டேன்" என்றான்.

"அதுக்காகவா?"

இயந்திரத்தின் சத்தம் மெல்லத் தள்ளிப்போனது. அவன் நடந்து தூரம் போகிறான் என்று புரிந்தது.

"அதில்ல" என்றான். "ஆடியில வந்தா பட்டறையில வேல இருக்குது. காலைல போனா பொழுதோட வாரேன், திங்கறேன், படுக்கறேன். இப்ப வந்தா நா எங்க போவட்டும்? ஊட்டுல ஒக்காரோணும். எனக்கு அது பழக்கமில்ல தனம்."

"எங்களோட இருக்கறதுக்குப் பழக்கம் வேணுங்களா?"

"நீயே பாரு. நா வந்தா நீயும் பாப்பாவும் சேரை உட்டு எந்திரிச்சுக்கறீங்க. டிவியில எனக்குப் புடிச்சதப் போடறீங்க. நீ பொட்டியில இருக்கற புதுப் போர்வைய எடுத்து விரிக்கற. தட்டு கழுவப்போனா புடுங்கிக்கற. ஊட்டுக்கு வந்த ஒறம்பரைக்குப் பண்றாப்பல பண்றீங்க. ரெண்டு மாசம்னா சமாளிச்சுக்குவேன். இன்னும் ரெண்டு மாசம் ஒறம்பரையா இருக்கறதுக்கு எனக்குச் சங்கடமா இருக்குது."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் சொன்னது ஒவ்வொன்றும் அப்படியே நடந்தது. அந்த வீட்டில் யார் எப்போது குளிப்பது, எந்தக் கொக்கியில் எது தொங்குவது, எந்த நாள் தோசை, எந்த நாள் பழையது, எல்லாம் இரண்டு பேருக்கு அளவெடுத்து வைத்தது. அவன் வரும்போது அந்த அளவுகளைக் கலைத்து இடம் பண்ணுவாள், போனதும் பெருமூச்சு விட்டுக்கொண்டு திரும்ப அடுக்குவாள். அந்தப் பெருமூச்சில் நிம்மதியும் கொஞ்சம் இருந்தது என்பதை இதுவரை அவள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. அது அவன் காதில் எப்படியோ விழுந்திருக்கிறது.

"நா அன்புலதானுங்க அப்பிடிப் பண்ணுனேன்" என்றாள். குரல் உடைந்தது.

"தெரியும் புள்ள. தெரியாம சொல்லுல." அவன் குரலும் சரியாக இல்லை. "மேனேஜரு கூப்படறாரு. வெச்சர்றேன்."

மறுநாள் மேனேஜர் ஆபீஸுக்கே கூப்பிட்டார். மாற்று ஆட்களுக்கு டிக்கெட் போட வேண்டும், நாலாவது பெயர் இன்றைக்குள் முடிவாக வேண்டும். "நீங்களே அவருக்கு ஒரு தேதியப் போட்டுருங்க மேடம். போட்டாச்சுன்னா வந்துதான ஆவோணும். மொரண்டு புடிக்கறாரு மனுசன்" என்றார்.

அவளிடம் கடவுச்சொல் இருந்தது. முதலாளி கேட்கமாட்டார். தேதியை அடித்தால் போதும், அவன் கணக்கு அங்கே முடிந்து, மாற்று டிரில்லர் ரயிலேறிவிடுவான். இவன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குவான். மார்கழிக் குளிரில், விடிகாலையில், வீட்டு வாசலில். இத்தனை வருஷம் கேட்டது அதுதானே. தேதியை அடித்தும்விட்டாள். சேமிக்கும் முன், அந்த வாசலில் நிற்கிறவனின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். அது அவள் எதிர்பார்த்த முகமாக இல்லை. எங்கே உட்காரட்டும் என்று கேட்கிற முகமாக இருந்தது. அடித்ததை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். நாலாவது பெயராகச் சமையல்காரரை இறக்கச் சொல்லிவிட்டாள். அவருக்கு ஊரில் பேத்தி பிறந்திருந்தது.

அப்புறம் பட்டறைப் பக்கம் போய் நின்றுகொண்டு அவனைக் கூப்பிட்டாள்.

"உங்களுக்குத் தேதி போடுலீங்க. சமையக்காரரு வாராரு."

"ம்."

"ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இனி நீங்க எப்ப வந்தாலும் நா எந்திரிக்க மாட்டேன். சேர் வேணும்னா நீங்களே இழுத்துப் போட்டுக்கோங்க. தண்ணி நீங்களே மோந்து குடிங்க. போர்வ கிழிஞ்சதுதான் கெடைக்கும். தட்டு உங்களுது, பாப்பாவுது, என்னுது, மூணையும் நீங்கதான் கழுவோணும்."

அவன் சிரித்தான். சத்தம் வராமல் மூச்சில் மட்டும் சிரிப்பான், அது அவளுக்குத் தெரியும். சிரித்து முடித்த பிறகும் அவன் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. பட்டறையில் யாரோ இரும்பை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பிடீன்னா மாசியில ஒருக்கா வாரீங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பாக்கலாம்" என்றான்.

நம் பக்கத்தில் பாக்கலாம் என்றால் வருவேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், வரமாட்டேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். சொன்னவருக்கே அந்த நேரம் தெரிந்திருக்காது. தனப்பிரியா அதை வாங்கிக்கொண்டு மேஜைக்கு வந்தாள், அவன் வரியைத் திறந்தாள். ஆள், வண்டி, ஏறிய தேதி எல்லாம் சரியாக இருந்தன. கடைசிக் கட்டத்தில் கர்சர் நின்று துடித்தது. அந்தக் கட்டத்தில் தேதியைத் தவிர வேறு எதுவும் ஏறக்கூடாது, ஒரு சொல்லோ, ஒரு புள்ளியோகூட உள்ளே போகக்கூடாது என்று அவளே அவ்வளவு கண்டிப்பாகக் கட்டியிருந்தாள். பாக்கலாம் என்பதை வைக்க அவள் போட்ட அத்தனை டேபிளிலும் ஓர் இடம் இல்லை.